ட்ரம்ப் வரியும் குரங்கணிக் காப்பியும்

இந்தப் பதிவு 2025 நவம்பர் கடைசி வாரத்தில் செய்தது. அமெரிக்க அரசியல் தினம் ஒரு சட்டை மாற்றுகிறது, அதனால் தேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ரெண்டு வாரமா நம்ம போடி, குரங்கணி பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "ட்ரம்ப் ஏலக்காய்க்கும் காப்பிக்கும் வரியை எடுத்துட்டாராமே, இனி நமக்கு விலை ஏறுமா?" பத்திரிகைகளும் 'இந்திய விவசாயிகளுக்கு நிம்மதி' என்று தலைப்பு போட்டுவிட்டன. எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடு இல்லை. ஏலக்காயைப் பொறுத்தவரை அந்த வரி நம்மைப் பெரிதாகத் தொடவே இல்லை. காப்பியைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் வேடிக்கை. வரி இருந்தபோது உலக விலை ஏறியது, வரி போனதும் இறங்கியது. நிம்மதி யாருக்கு என்று பார்த்தால், அது அமெரிக்காவில் காப்பி குடிக்கிறவருக்குத்தான். ஏன் அப்படி என்று பார்ப்போம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 2-ம் தேதி ட்ரம்ப் எல்லா நாடுகளுக்கும் வரிப் பட்டியல் வெளியிட்டார். இந்தியாவுக்கு 26 சதவீதம், குவாத்தமாலாவுக்கு 10 சதவீதம். ஒரு வாரத்தில் அதை 90 நாள் தள்ளிவைத்தார். ஆகஸ்ட் 7 முதல் நமக்கு 25 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 50. அதே ரஷ்ய எண்ணெயை நம்மைவிடக் குறையாமல் வாங்குகிற சீனாவுக்கு அந்தத் தண்டனை வரி கிடையாது. இதைக் கொள்கை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது ஆள் பார்த்துப் போடுகிற வரியாகத்தான் தெரிகிறது.

நவம்பர் 14-ம் தேதி ஓர் உத்தரவு போட்டு காப்பி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி, மிளகு, ஏலக்காய், மஞ்சள், சீரகம் என்று ஒரு நீளப் பட்டியலுக்கு இந்த வரிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். வரியை யார் கட்டுகிறார்கள்? 'இந்தியா மீது வரி' என்று செய்தியில் சொல்வதால், நாம் போய் வாஷிங்டனில் பணம் கட்டுகிற மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை. 2,500 ரூபாய் மதிப்புள்ள ஒரு கிலோ ஏலக்காய் நியூ ஜெர்சி துறைமுகத்தில் இறங்கினால், 50 சதவீதமான 1,250 ரூபாயை அங்கே இறக்குமதி செய்கிற கம்பெனி அமெரிக்க அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அந்தக் கம்பெனி அதில் கொஞ்சத்தை நம்ம ஊர் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிச் சரிக்கட்டும். மீதியைக் கடைக்கு வருகிறவர் தலையில் வைக்கும். எது எவ்வளவு என்பது யாருக்கு அந்தச் சரக்கு அதிகம் தேவை என்பதைப் பொறுத்தது. அவ்வளவுதான் சூத்திரம்.

சரி, ஏலக்காய்க்கு வருவோம். போடியில் ஏலத்துக்கு வருகிற காயில் பெரும்பகுதி வட இந்தியாவுக்குப் போகிறது. டெல்லி, கான்பூர் பக்கம். மசாலா, மிட்டாய், பான் மசாலாக் கம்பெனிகள்தான் பெரிய கை. ஏற்றுமதி என்றால் சவுதி, எமிரேட்ஸ். அங்கே ஏலக்காய் போட்ட காப்பி விருந்தோம்பலின் ஒரு பாகம். அமெரிக்காவில் ஏலக்காய் யார் வாங்குவார்கள்? நம்ம ஆட்கள், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி சுடுகிற, ஸ்வீடன், நார்வே, பின்லாந்து வழிவந்த குடும்பங்கள். சின்ன மார்க்கெட். அந்தச் சின்ன மார்க்கெட்டிலும் குவாத்தமாலா காய் மலிவாக உட்கார்ந்திருக்கிறது. நமக்கு 50, அவர்களுக்கு 10 என்றால் நம்ம காய் அங்கே நிற்காதுதான். ஆனால் நின்றபோதும் போடி விலையை அது தீர்மானித்தது இல்லை. ஆகஸ்டிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஏலத்தில் சராசரி விலை கிலோ 2,500 ரூபாயை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ட்ரம்ப் வரி போட்டான், காய் விலை போச்சு' என்று டீக்கடையில் சொன்னவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பேச்சை வைத்து யாராவது உங்களிடம் பச்சைக்காயைக் குறைத்துக் கேட்டிருந்தால், அது அவர் சாமர்த்தியம். அமெரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

நம்ம ஏலக்காய் விலையை ஆட்டுவது குவாத்தமாலாதான். முதல் உலகப் போர் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொபான் பக்கம் கொண்டுபோய் நட்ட செடி அது. இன்றைக்கு அந்த நாடுதான் உலகத்திலேயே பெரிய ஏற்றுமதியாளர். அந்த மக்கள் ஏலக்காயைச் சமையலில் போடுவதுகூடக் கிடையாது, விளைவதெல்லாம் கப்பலுக்குத்தான். அங்கே வறட்சியும் இலைப்பேனும் வந்து விளைச்சல் படுத்ததால்தான் சமீபத்தில் அரபு நாட்டு வியாபாரிகள் நம்ம பக்கம் திரும்பினார்கள். ஆக, ஏலக்காய்க்காரர் வெள்ளை மாளிகையைப் பார்ப்பதைவிட கொபானில் மழை பெய்ததா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

காப்பி வேறு கதை. குரங்கணி, கொட்டகுடி, மேலே டாப் ஸ்டேஷன் போகிற சரிவில் ஏலமும் மிளகும் காப்பியும் கலந்துதான் வைத்திருக்கிறோம். அராபிகாக் காப்பிக்கு உலக விலை பேசப்படுகிற இடம் நியூயார்க் சந்தை. போடியில் நம்ம காப்பியை வாங்குகிற வியாபாரியும் காலையில் அந்த விலையைத்தான் பார்க்கிறார். நம்ம சரக்கு இத்தாலிக்குப் போனாலும் ஜெர்மனிக்குப் போனாலும் அளவுகோல் அதுதான்.

இந்த ஆகஸ்டில் அந்த அளவுகோலுக்கு என்ன ஆச்சு? பிரேசிலின் முன்னாள் ஜனாதிபதி பொல்சனாரோ மீது, தேர்தலில் தோற்றபிறகு ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சதி செய்தார் என்று வழக்கு நடந்தது. அவர் ட்ரம்ப்புக்கு வேண்டியவர். வழக்கை நிறுத்து என்று சொல்லிப் பார்த்தார், நிற்கவில்லை. பிரேசில் மீது கூடுதலாக 40 சதவீதம், மொத்தம் 50 என்று வரி போட்டார். இத்தனைக்கும் பிரேசிலுடன் அமெரிக்காவுக்கு வர்த்தகப் பற்றாக்குறையே கிடையாது, உபரிதான்! வழக்கும் நிற்கவில்லை. செப்டம்பரில் பொல்சனாரோவுக்கு 27 வருஷத்துக்கு மேல் தண்டனை விழுந்தது.

அமெரிக்கா குடிக்கிற காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரேசிலிலிருந்து போவது. ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கொஞ்சம் விளைகிறது, அது ஊறுகாய்க்குக்கூடக் காணாது. வரி வந்ததும் அமெரிக்க இறக்குமதிக் கம்பெனிகள் பிரேசில் காப்பியை வாங்காமல் கிடங்கில் இருந்ததை எடுத்து ஓட்டின. கிடங்கு காலியாகக் காலியாக நியூயார்க்கில் விலை ஏறியது. செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளில் காப்பி விலை ஒரு வருஷத்துக்கு முந்தியதைவிட ஏறக்குறைய 19 சதவீதம் அதிகம். உலகத்தில் வேறு எங்கேயோ காப்பி வைத்திருக்கிறவனுக்கும், அதாவது நமக்கும், அந்த ஏற்றத்தில் ஒரு துளி உண்டு. பிறகு நவம்பர் 14-ம் தேதி பொது விலக்கு, 20-ம் தேதி பிரேசில் காப்பிக்கான அந்த 40-க்கும் விலக்கு. உடனே நியூயார்க் விலை சரிந்தது.

ஒரு நாட்டு நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு, இன்னொரு நாட்டு ஜனாதிபதியின் கோபம், நடுவில் கொட்டகுடிச் சரிவில் மூன்று ஏக்கர் காப்பி. நம்ம மலைக்கு இது புதிசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடியில் கப்பல் ஏறி இங்கிலாந்து. அப்போதும் விலை சொன்னது வேற ஊர்தான்.

இப்போ அடுத்த கேள்வி. வரிதான் அமெரிக்காவைப் பணக்கார நாடாக்கும் என்று மேடைக்கு மேடை பேசியவர் ஏன் திடீரென்று பின்வாங்கினார்? நவம்பர் 4-ம் தேதியைப் பாருங்க. அன்று வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. நியூயார்க் மேயராக ஸோரான் மம்தானி ஜெயித்தார். மூன்று பேரும் மூன்று ரகம். ஆனால் மூன்று பிரசாரத்திலும் மையமாக இருந்தது விலைவாசி. வாடகை, கரண்ட் பில், மளிகை. பத்தே நாளில் விலக்கு உத்தரவு வருகிறது.

அந்தப் பத்து நாளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பட்ஜெட் சண்டையில் அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. நம்ம ரேஷன் மாதிரி அங்கே ஸ்நாப் என்று ஒரு திட்டம், ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் அதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். நவம்பர் மாதப் பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தது அரசாங்கம். அதே வாரத்தில் வரிப் பணத்திலிருந்து ஆளுக்கு 2,000 டாலர் தருவேன் என்கிறார் ஜனாதிபதி. வரியை வெளிநாட்டுக்காரன்தான் கட்டுகிறான் என்றால், விலையைக் குறைக்க ஏன் வரியை எடுக்க வேண்டும்? இந்த ஒரு உத்தரவே அவர் இத்தனை நாள் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், ஏலக்காய்க்கு விலக்கு கிடைத்தது போடிக்காக இல்லை. அமெரிக்க அடுப்படிக்காக. அவர்கள் மண்ணில் விளையாத பொருள் எது, இல்லாவிட்டால் ஓட்டுப் போடுகிறவர் முணுமுணுப்பது எதற்கு என்று பார்த்து எடுத்த பட்டியல் அது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால் திருப்பூரைப் பாருங்க. நம்ம தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற ஊர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பனியனுக்கு விலக்கு உண்டா? இல்லை. 50 சதவீதம் அப்படியே நிற்கிறது. ஏன் என்றால் பங்களாதேஷும் வியட்நாமும் 20 சதவீத வரியில் அதே பனியனைத் தைத்துக் கொடுக்கும். அமெரிக்கக் கடையில் அலமாரி காலியாகாது. இறாலுக்கும் இதே கதி. ஏலக்காய்க்குச் செய்தி போட்ட அளவுக்கு இதற்கு யாரும் செய்தி போடவில்லை. ஆர்டர் இல்லை, ஓவர்டைம் இல்லை என்று திருப்பூரிலிருந்து பிள்ளை ஊருக்கு வந்து உட்கார்ந்தால், குரங்கணியில் ட்ரம்ப் வரி என்பது அதுதான். பஞ்சாயத்துக் கணக்கில் அது ஏறாது.

இதில் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். குவாத்தமாலா காய் இங்கே கொட்டக்கூடாது, இறக்குமதி வரியைக் குறைக்காதே என்று நம்ம தோட்டக்காரர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். நானும் அதை ஆதரிக்கிறவன்தான். அப்படியென்றால் ட்ரம்ப் செய்தால் மட்டும் தப்பா? வரி போடுவது தப்பில்லை என்பது என் கட்சி. நேற்று 26, இன்று 25, நாளை 50, அடுத்த மாதம் பூஜ்யம் என்று ஒருத்தர் மனசுப்படி மாறுவதுதான் தப்பு. காப்பிச் செடி வைத்தால் காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற வரியை வைத்து எவன் செடி வைப்பான்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின்படி வரி போடுகிற அதிகாரம் அவர்களுடைய பாராளுமன்றத்துக்குத்தான், காங்கிரஸுக்கு. ட்ரம்ப் பிடித்துக்கொண்டது 1977-ம் வருஷத்து அவசரகாலப் பொருளாதாரச் சட்டம் ஒன்றை. அதில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று இருக்கிறது. சுங்கவரி என்ற சொல்லே கிடையாது. ஒரு பொம்மைக் கம்பெனியும் ஒரு சின்ன ஒயின் இறக்குமதிக் கம்பெனியும், இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். மே மாதம் வர்த்தக நீதிமன்றம் வரி செல்லாது என்றது. ஆகஸ்ட் 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று அதையே சொன்னது. நவம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் விசாரித்து முடித்திருக்கிறது. தீர்ப்பு இனிமேல்தான். பனியனுக்கான வரியும் அந்தத் தீர்ப்பில்தான் தொங்குகிறது. எனவே திருப்பூரில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அது.

ஏலக்காய்க்காரர்களுக்கு வேறொரு செய்தி சொல்கிறேன், இது என் கணிப்பு மட்டும்தான். குவாத்தமாலாவின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற பணம். ட்ரம்ப் அந்த ஆட்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். இந்த பிப்ரவரியில் அந்த விமானங்களை 40 சதவீதம் கூட்டவும் குவாத்தமாலா ஒத்துக்கொண்டது. அந்த ஆட்கள் ஊருக்குத் திரும்பினால் பல பேர் போகிற இடம் மலைதான். காய் எடுக்க ஆள் பஞ்சம் இல்லாத குவாத்தமாலா, மழையும் கைகொடுத்தால், ரெண்டு மூன்று வருஷத்தில் சவுதி மார்க்கெட்டில் நம்ம விலையை உடைக்கப் பார்க்கும். வரிச் செய்தியைவிட இந்தச் செய்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதற்குத் தனியாக ஒரு எபிசோடு போடுகிறேன்.