விழும் காயும் விரையும் வண்டியும்

இயற்பியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் மாணவர் பலர் முதலில் தேடுவது வாய்பாட்டைத்தான். வாய்பாடு நினைவுக்கு வந்தால் விடை வந்துவிடும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால் ஆற்றல் பற்றிய கணக்குகளில் முதலில் எழ வேண்டிய வினா வேறு: தொடக்கத்தில் ஆற்றல் எந்த வடிவில் இருந்தது? முடிவில் எந்த வடிவை அடைந்தது? இதற்கு விடை கண்டுவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது எனலாம்.

உயரத்தில் இருப்பதால் ஒரு பொருள் பெற்றிருக்கும் ஆற்றல் நிலை ஆற்றல். அது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். இயங்குவதால் பெற்றிருப்பது இயக்க ஆற்றல். அது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. நிறையைக் கிலோகிராமிலும், உயரத்தை மீட்டரிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எழுதினால் விடை ஜூலில் கிடைக்கும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகம் தரப்பட்டிருந்தால் அதை 5/18 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 20 மீட்டர் உயரமுள்ள தென்னையிலிருந்து 1.5 கிலோகிராம் நிறையுள்ள காய் விழுகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணிப்போம். உச்சியில் நிலை ஆற்றல் 1.5 × 10 × 20 = 300 ஜூல். தரையைத் தொடும் நேரத்தில் இது முழுவதும் இயக்க ஆற்றலாகிவிடுகிறது. எனவே ½ × 1.5 × வேகத்தின் வர்க்கம் = 300. வேகத்தின் வர்க்கம் 400; வேகம் நொடிக்கு 20 மீட்டர். நிறை இருபுறமும் வருவதால் நீங்கிவிடுகிறது. 3 கிலோகிராம் காயாயினும் வேகம் இதுவே.

பாதி உயரத்தில் காயின் வேகம் என்ன? 'பாதி, அதாவது 10' என்று விடை எழுதுவோர் உண்டு. பாதியாவது ஆற்றலே அன்றி வேகமன்று. அங்கே இயக்க ஆற்றல் 150 ஜூல்; வேகத்தின் வர்க்கம் 200; வேகம் ஏறத்தாழ 14.1.

இந்த வர்க்கம் எங்கிருந்து வந்தது? 1720களில் ஹாலந்து நாட்டு அறிஞர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்து ஆராய்ந்தார். குண்டு உண்டாக்கும் பள்ளம் வேகத்தை ஒட்டி அமையவில்லை. வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியே அமைந்தது. பிரான்சு நாட்டுப் பெண் அறிஞர் எமிலி து சாத்லே 1740இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்துக்கு ஆதரவாக வாதிட்டார்.

இந்த வர்க்கம் தேர்வுத் தாளோடு நின்றுவிடுவதன்று. நம் சாலையிலும் இருக்கிறது. ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோகிராம் நிறையுள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 10,000 ஜூல். பிரேக் தரும் தடை விசை 1,000 நியூட்டன் என்று கொண்டால், விசையும் தொலைவும் பெருக்கி வரும் வேலை இந்த ஆற்றலுக்குச் சமமாக வேண்டும். ஆகவே வண்டி 10 மீட்டரில் நின்றுவிடும். வேகம் 72 கிலோமீட்டரானால் ஆற்றல் 40,000 ஜூல். நிற்க 40 மீட்டர் தேவை. வேகம் இருமடங்கு, தொலைவு நான்கு மடங்கு!

இப்போது, பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து 10 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு குழந்தை நிற்பதாகக் கொள்வோம். 36இல் வந்தவர் குழந்தையைத் தொடாமல் நின்றுவிடுகிறார். 72இல் வந்தவரின் நிலை என்ன? 10 மீட்டரில் பிரேக் விழுங்கியது 10,000 ஜூல்தான். மீதி 30,000 ஜூல். வேகத்தின் வர்க்கம் 300. வேகம் நொடிக்கு 17.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர். முன்னவர் நின்றுவிட்ட அதே இடத்தைப் பின்னவர் 62இல் கடக்கிறார். பிரேக்கை அழுத்தும் முன் ஆபத்தை உணர ஒரு நொடி ஆனால், முன்னவர் 10 மீட்டரும் பின்னவர் 20 மீட்டரும் அதற்குள் கடந்திருப்பர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். நம் தேங்காய் தரையைத் தொட்ட வேகமும் அதுவே. எனவே அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும், 20 மீட்டர் உயரத் தென்னையின் உச்சியிலிருந்து தரையில் விழுவதும் ஆற்றல் கணக்கில் ஒன்றே. தென்னை உச்சியில் கைவிட அஞ்சும் நாம், சாலையில் அந்த அச்சம் சிறிதுமின்றிச் செல்கிறோம்.

ஆகவே மாணவ நண்பர்களே, ஆற்றல் கணக்கை எடுத்தால் முதலில் படம் வரையுங்கள்; அலகுகளைச் சீர்செய்யுங்கள்; தொடக்க ஆற்றலையும் இறுதி ஆற்றலையும் தனித்தனியே எழுதிச் சமப்படுத்துங்கள்; தடை விசை இருப்பின் அதன் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்க்கத்தை மறந்தால் தேர்வில் போவது சில மதிப்பெண்களே. சாலையில் மறந்தால் போவது உயிர்.