பனை என்ன நிறம்?

சுருவிலில் சித்திரம் பழக வந்த பிள்ளைகளிடம் ஒரு பனையைக் கீறச் சொன்னேன். எல்லாக் கொப்பியிலும் ஒரே மரம்தான்: மண்ணிற அடி, உச்சியில் நாலு பச்சை விசிறி. “பனை பச்சைதானே சேர்?” என்று கேட்டாள் ஒருத்தி. “ஒருக்கா வெளியில வந்து பாரும் பிள்ளை” என்றேன்.

வெளியே நின்ற மரத்தின் அடி கிட்டத்தட்டக் கறுப்பு. வெயில் பட்ட பக்கம் சாம்பல். வட்டுக்குக் கீழே காவோலைகள் வைக்கல் நிறத்தில் தொங்கின. குருத்து இளமஞ்சள். பச்சை கொஞ்சம்தான். பிள்ளைகள் கீறியது மனப்பாடமாகிப்போன பனை. பழகத் தொடங்குகிற எல்லோருக்கும் முதல் தடை இந்த மனப்பாடம்தான்.

அதை உடைக்க இரண்டு வழி சொல்லிக்கொடுப்பேன். ஒன்று, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. நுணுக்கங்கள் மறைந்து ஒளியும் நிழலும் மட்டும் திட்டுத்திட்டாய் நிற்கும். 6பி பென்சிலால் அந்தத் திட்டுகளை முதலில் நிரப்பவேண்டும். மற்றது, ஓலையை விட்டுவிட்டு ஓலைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகளைக் கீறுவது. வானம் சரியாக வந்தால் ஓலை தானாக வந்துவிடும்.

தூரத்தைத் தாளில் காட்டும் தூரதரிசனத்துக்குப் பண்ணை வீதியைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்கு வரும்போது வீதியின் இரு கரைகளும் அடிவானில் ஒரு புள்ளியை நோக்கி ஒடுங்கும். பரவைக்கடலில் நட்ட சிறகுவலைத் தடிகள் போகப்போகக் குட்டையாகி நெருங்கும். தூரத்துப் பனங்கூடல் நீலச்சாம்பலாய்த் தெரியும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது.

பாணி என்பது இதற்குப் பிறகு வருவது. பிரான்சில் மோனே 1890 அளவில் ஒரே வைக்கற்போர்களைக் காலை, மாலை, பனிக்காலம் என்று திரும்பத்திரும்ப வரைந்தார். அவர் தேடியது போரின் மேல் விழுந்த ஒளியை. கொழும்பில் 1943இல் தொடங்கிய ‘43 குழு’வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், கியூபிசத்தின் உடைந்த கோடுகளை நம் நாட்டு உருவங்களுக்குள் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அ. மாற்கு இருந்தார். 1933இல் பிறந்து 2000இல் மறைந்த அவர், ஒரு பாணியில் தங்கிவிடாமல் தேடிக்கொண்டே இருந்தார், கற்பித்துக்கொண்டும் இருந்தார். போரும் இடப்பெயர்வும் அவருடைய ஓவியங்கள் பலவற்றைத் தின்றுவிட்டன. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை நீர்வண்ணத்தில் ஒரு பனை கொண்டுவந்தாள். பின்னால் நின்ற சுண்ணாம்புச் சுவருக்கு வண்ணமே பூசாமல் கடதாசியின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தாள். மத்தியான வெயில் அதில் எரிந்தது. அடிமரம் கறுப்புமில்லை, நீலமுமில்லை.

“கறுப்பு முடிஞ்சு போச்சு சேர். நீலத்தையும் மண்ணிறத்தையும் கலந்தனான்.”

குப்பியிலிருந்து எடுக்கும் கறுப்பில் இல்லாத உயிர் அந்த அடியில் இருந்தது.