அடியின் பலம் கையில் இல்லை... காலில்! தற்காப்புக்கு கைகொடுக்கும் பள்ளிக்கூட அறிவியல்

கீரனூர்:

ஒல்லியான ஒரு பெண். எதிரே அவரைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு ஆசாமி. "இந்தப் பொண்ணு அடிச்சா அவனுக்கு வலிக்கவா போகுது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

வலிக்கும். எப்படி அடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நன்றாகவே வலிக்கும்.

பழனி அருகே உள்ள கீரனூர் போன்ற ஊர்களில் கடைசி பஸ்சை விட்டு இறங்கி, தோட்டத்து வீடு வரை தனியாக நடந்து போகிற பெண்கள் நிறைய. மில் வேலை, கடை வேலை, டியூஷன் என்று ஆளுக்கு ஒரு காரணம். தெரு விளக்கு முடியும் இடத்தில் இருந்து வீட்டு வாசல் வரைக்கும் நெஞ்சு திக் திக் என்றுதான் அடித்துக் கொள்ளும். அந்த நேரத்தில் துணைக்கு வருவது கராத்தே பட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன நியூட்டன் விதிகள்தான்.

கடையம் தம்பதி காட்டிய வழி

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நெல்லை மாவட்டம் கடையம் அருகே நடந்த சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த, 70 வயதைத் தாண்டிய முதியவரின் கழுத்தை முகமூடி கொள்ளையன் பின்னால் இருந்து துணியால் இறுக்கினான். சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி செருப்பு, ஸ்டூல், பிளாஸ்டிக் நாற்காலி என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசினார். விடுபட்ட முதியவரும் நாற்காலியைத் தூக்கினார். அரிவாளுடன் வந்த 2 பேரும் ஓட்டம் பிடித்தனர். மூதாட்டியின் செயின் பறிபோனாலும் இருவரின் உயிரும் தப்பியது. கண்காணிப்பு கேமராவில் பதிவான இந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு தம்பதிக்கு விருது வழங்கி கவுரவித்தது.

உடல் பலத்தில் அந்தத் தம்பதி கொள்ளையர்களுக்கு ஈடே கிடையாது. ஆனால் நாற்காலி அவர்களுக்கு 2 விஷயங்களை கொடுத்தது. ஒன்று, அரிவாள் எட்டாத தூரம். இன்னொன்று, கையை விட நீளமான வீச்சு. இந்த இரண்டையும்தான் நம்மூர் சிலம்பம் நூற்றாண்டுகளாக சொல்லித் தருகிறது.

எடையா... வேகமா?

அடிக்கிறவர் குண்டாக இருந்தால்தான் அடி பலமாக விழும் என்பது பாதி உண்மைதான்.

நகரும் ஒரு பொருளில் இருக்கும் ஆற்றல் அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. எடை 2 மடங்கானால் ஆற்றலும் 2 மடங்கு ஆகும். ஆனால் வேகம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்கு. வேகம் 3 மடங்கானால் 9 மடங்கு! ஆகவே எடை குறைந்தவர்களுக்கு வேகம்தான் ஆயுதம்.

சிலம்பக் கம்பை எடுத்துக் கொள்வோம். பிடித்த இடத்தில் இருந்து நுனி வரை 4 அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு விநாடிக்கு 2 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு சுமார் 54 கிலோ மீட்டர். டவுன் பஸ் வேகம்! அதே சுற்றில் 2 அடி தூரத்தில் உள்ள பாகம் மணிக்கு 27 கிலோ மீட்டர்தான் போகும். கை அசைவது கொஞ்சம். நுனி பறப்பது அதிகம். எடை குறைந்த கம்பு அடித்தும் தோல் தடித்துப் போவது இதனால்தான்.

குடையாக இருந்தாலும், துடைப்பக் கட்டையாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அடி நுனியில் விழ வேண்டும்.

முதலில் காலடி

சிலம்பம் கற்கப் போனால் எடுத்த எடுப்பில் கம்பு வீச விட மாட்டார்கள். முதலில் காலடி. "கம்பு சுத்த வந்தா காலை மாத்தி மாத்தி வைக்கச் சொல்றாங்களே" என்று பிள்ளைகள் அலுத்துக் கொள்வது உண்டு. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் 3-வது விதி. நாம் தரையை காலால் உந்துகிறோம். தரை நம்மை திருப்பி உந்துகிறது. அந்த விசை காலில் இருந்து தொடைக்கும், தொடையில் இருந்து இடுப்புக்கும், இடுப்பு திரும்பும்போது தோளுக்கும், கடைசியில் கைக்கும் வந்து சேருகிறது. பாசி படிந்த படிக்கட்டில் நின்று ஒருவரைத் தள்ளிப் பாருங்கள். நீங்கள்தான் வழுக்குவீர்கள். தரை பிடி கொடுக்காவிட்டால் அடிக்கு பலமே இல்லை.

கையை மட்டும் நீட்டி அடித்தால் கையின் எடை மட்டுமே அடியில் இருக்கும். பின்னங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அடித்தால் உடம்பின் எடையில் பெரும் பங்கு அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். துவைக்கிற கல்லில் ஈரத் துணியை அடிக்கும் பெண்களைப் பாருங்கள். இடுப்பில் இருந்துதான் அடி கிளம்பும். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே இந்த வித்தை அவர்களுக்கு கைவந்திருக்கிறது.

கால்களை தோள் அகலத்துக்கு அகட்டி, ஒரு காலை சற்று பின்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். எடையின் மையம் கீழே இறங்கும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எப்படி தள்ளினாலும் அது எழுந்து நிற்பதற்கு, எடை அடியில் இருப்பதுதான் காரணம்.

அமெரிக்காவில் நடந்த ஆய்வு

இதை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பார்த்தவர்கள் உண்டு. மைக்கேல் ஃபெல்ட், ரொனால்டு மெக்நாயர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவர் கராத்தே அடியின் இயற்பியல் பற்றி 1979-ல் 'சயின்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதினார்கள். இவர்களில் மெக்நாயர் கராத்தே பிளாக் பெல்ட் வாங்கியவர். பின்னாளில் விண்வெளி வீரராகி, 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியதில் பலியானவரும் இவரே.

நேராக விடும் குத்தில் கை முழுதாக நீண்டு முடியும்போது வேகம் குறைந்து விடுகிறது. கை ஏறக்குறைய முக்கால் பங்கு நீண்டிருக்கும்போதுதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே இலக்கின் மேல்தோலை குறி வைக்கக் கூடாது. அதற்கு அரை சாண் பின்னால் குறி வைக்க வேண்டும். அப்போதுதான் கை முழு வேகத்தில் இருக்கும்போது அடி இறங்கும்.

தள்ளாதே... அடி!

பயத்தில் பலர் செய்யும் தவறு, எதிராளியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கையை பின்னால் இழுத்துக் கொண்டே பிடிப்பார். பந்து நிற்க எடுத்துக் கொள்ளும் நேரம் கூடும். கையில் விழும் விசை குறையும். தற்காப்பில் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

3 கிலோ எடையுள்ள கை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது ஒரு விநாடியில் 20-ல் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், சராசரியாக 36 கிலோ எடை அழுத்துவது போன்ற விசை. 100-ல் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் சுமார் 180 கிலோ! அதே கை, அதே வேகம். நேரம் மட்டும்தான் வேறு. வெடுக்கென்று விழும் அடிக்கும், மெதுவாகத் தள்ளும் தள்ளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

முஷ்டி வேண்டாம்

சினிமாவில் ஹீரோ முஷ்டியை மடக்கி தாடையில் குத்துவார். வில்லன் பறப்பான். நிஜத்தில் பறப்பது நம் விரல் எலும்பாக இருக்கலாம். எதிர்விசை நம் கைக்கும் வரும் அல்லவா? மண்டை எலும்பு கெட்டி. சுண்டு விரலை ஒட்டி உள்ளங்கையில் இருக்கும் எலும்பு மெல்லிசு. தலையில் குத்தி அந்த எலும்பை முறித்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால் ஆகிய மூன்றும்தான் பாதுகாப்பான ஆயுதங்கள்.

இதில் முழங்கைக்கு தனி சக்தி உண்டு. 20 கிலோ விசை 80 சதுர சென்டி மீட்டர் பரப்புள்ள உள்ளங்கை முழுவதும் பரவினால், ஒரு சதுர சென்டி மீட்டருக்கு கால் கிலோதான். அதே விசை 4 சதுர சென்டி மீட்டர் உள்ள முழங்கை நுனியில் குவிந்தால் 5 கிலோ. 20 மடங்கு அதிகம்! முள் குத்துவதும் இதே கணக்குதான்.

திண்டுக்கல் பூட்டுச் சாவியும் இப்படித்தான். ஆனால் சாவிகளை விரல் இடுக்குகளில் செருகிக் கொண்டு குத்தினால் சாவி திரும்பி நம் விரலையே கிழித்து விடும். ஒரே சாவியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக் கொள்வது மேல்.

கையைப் பிடித்து விட்டால்?

மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் நேராக இழுக்கக் கூடாது. அவன் பலம் ஜெயித்து விடும். 4 விரல்கள் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். பிடியில் பலவீனமான இடம் அந்த கட்டை விரல்தான். உங்கள் முழங்கையை அவனை நோக்கிக் கொண்டு போய், மணிக்கட்டை அவன் கட்டை விரல் பக்கமாக வெடுக்கென்று திருப்பினால் உங்கள் முன்கையே நெம்புகோல் ஆகி விடும். கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே கதை.

இதை வீட்டில் அக்கா தங்கையோடு மெதுவாகப் பழகிப் பார்க்கலாம். ஆனால் அடிகளை ஆள் மீது பழகக் கூடாது. உமி மூட்டையோ, தலையணையோ போதும்.

விருப்பாட்சியில் வாழ்ந்த வீர மங்கை

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பக்கத்தில் உள்ள விருப்பாட்சி வரை போய் வரலாம். 1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், அடைக்கலம் தேடி வந்தது இந்த விருப்பாட்சிக்குத்தான். பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆதரவு கொடுத்தார். சுமார் 8 ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் இருந்து படை திரட்டி, 1780-ல் சிவகங்கையை மீட்டார். அவர் சிலம்பமும் வாள் வீச்சும் கற்றவர் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. அரசு பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி திட்டத்தில் 3 மாத தற்காப்பு பயிற்சியும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

"திருப்பி அடிச்சா நம்ம மேலயே கேஸ் போட்டுருவாங்க" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காப்புக்காக செய்த செயல் குற்றம் ஆகாது என்கிறது 34-வது பிரிவு. பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிராளியின் உயிருக்கே ஆபத்து ஏற்பட்டாலும் இந்த உரிமை உண்டு என்கிறது 38-வது பிரிவு.

2012-ல் மதுரையில் மகளைத் தாக்க முயன்றவரை தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அந்த நபர் இறந்து போனார். தற்காப்பு உரிமையை சுட்டிக்காட்டி, அந்தத் தாயை விடுவிக்க நடவடிக்கை எடுத்தார் அப்போதைய மாவட்ட எஸ்.பி. அஸ்ரா கார்க்.

ஆனால் எல்லையும் உண்டு. தற்காப்புக்கு தேவையானதை விட அதிக தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. கீழே விழுந்து விட்டவனை, ஓடுகிறவனை துரத்தி அடித்தால் அது தற்காப்பு இல்லை. அடிதடி வழக்கு!

அடி... கத்து... ஓடு!

அறிவியல் எல்லாவற்றையும் சரிக்கட்டி விடாது. எதிராளி கனமானவன் என்றால் அவன் அடிக்கும் பலம் அதிகம். கத்தியைக் காட்டி செயினைக் கேட்டால் கழற்றி வீசி விட்டு எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். நகையை திரும்ப வாங்கிக் கொள்ளலாம்.

ஒரு அடியின் வேலை எதிராளியை வீழ்த்துவது அல்ல. அவன் பிடி தளரும் அந்த 2, 3 விநாடிகளை சம்பாதித்துக் கொடுப்பதுதான். அந்த நேரத்தில் உரக்க கத்த வேண்டும். வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் ஓட வேண்டும். ரப்பர் செருப்பு வழுக்கினால் உதறி விட்டு ஓடலாம். பிறகு 112-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ போன் செய்ய வேண்டும்.

வல்லவனுக்கு புல்லும் ஆயுதம் என்பார்கள். கடையம் தம்பதிக்கு பிளாஸ்டிக் நாற்காலியே ஆயுதமாகி, அரிவாளோடு வந்தவர்களை விரட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.