ஹார்ட்விக் மாளிகையின் கல்லும் கண்ணாடியும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஒரு குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் மாளிகை 1590-களில் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் ஷ்ரூஸ்பரி கோமாட்டி எலிசபெத். வரலாற்றில் 'ஹார்ட்விக் பெஸ்' என்றே பெயர் பெற்றவர். நான்கு கணவர்களை இழந்தவர். பெருஞ்செல்வத்துக்குத் தனி உரிமையாளர். வடிவமைத்தவர், கல்தச்சராகத் தொழில் தொடங்கிய ராபர்ட் ஸ்மித்சன் என்பதே பொதுவான கருத்து.

சுவர்கள் மாளிகையின் சொந்த நிலத்தில் வெட்டிய மணற்கல்லால் ஆனவை. ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கல் அல்ல, கண்ணாடிதான். அக்காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு கிடையாது. சிறு சிறு சில்லுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து, கற்சட்டங்களுக்கு இடையே பொருத்தினார்கள். கண்ணாடி விலை உயர்ந்த பொருள் என்பதால் ஒவ்வொரு சன்னலும் செல்வத்தின் பறைசாற்றல்.

கற்கட்டடத்தில் தளங்களின் பாரத்தைச் சுவர்களே தாங்க வேண்டும். சன்னல் பெருகினால் சுவர் வலுவிழக்கும். ஹார்ட்விக்கில் இதற்குக் கண்ட வழிதான் வியப்புக்குரியது. கணப்புகளையும் புகைபோக்கிகளையும் வெளிச்சுவரில் வைக்காமல், உள்ளே செல்லும் கனத்த சுவர்களுக்குள் அடக்கினார்கள். அதனால் வெளிச்சுவர் சன்னல்களுக்கென விடுபட்டது. முகப்பின் ஒழுங்கு குலையாதிருக்கச் சில இடங்களில் பொய்ச்சன்னல்களும் உண்டு. அவற்றின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது சுவர்தான்.

மேலே செல்லச் செல்லத் தளங்களின் உயரமும் சன்னல்களின் உயரமும் கூடுகின்றன. கீழ்த்தளம் பணியாளர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் அரச மரியாதைக்குரிய விருந்தினர்களுக்கு. நுழைவாயிலுக்கு நேரே, கட்டடத்தைக் குறுக்காகக் கடந்து செல்கிறது பெருங்கூடம். பழைய ஆங்கில மாளிகைகளில் கூடம் முகப்பை ஒட்டி நீண்டு கிடக்கும், வாயிலும் அதன் ஒரு முனையில் இருக்கும். இங்கே சமச்சீர் முகப்புக்கு ஏற்பக் கூடமே திரும்பிவிட்டது.

அங்கிருந்து அகன்ற கற்படிகள் வளைந்து வளைந்து மேல்தளத்துக்கு ஏறுகின்றன. அங்குள்ள வரவேற்பு அறையின் சுவர் மேற்பகுதி முழுவதும் வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்கள்: காடு, விலங்குகள், வேட்டைத் தெய்வம் டயானா. அடுத்துள்ள நீள்கூடம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம்; மழையிலும் குளிரிலும் உலாவுவதற்கான இடம். உச்சியில் ஆறு கோபுரங்கள். அவற்றின் கைப்பிடிச் சுவர்களில் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான 'ஈ.எஸ்.' என்பதைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இத்தனை கண்ணாடிக்கு விலையும் உண்டு: குளிர்காலத்தில் அறைகளைச் சூடேற்றுவது கடினம். மணற்கல்லும் காற்றிலும் மழையிலும் அரிபடுகிறது. சிதைந்த கற்களை மாற்றும் வேலைக்கு ஓய்வே இல்லை.

பெஸ் 1608-இல் இறந்தார். வழித்தோன்றல்கள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே முதன்மை இல்லமாக்கிக்கொண்டதால், ஹார்ட்விக் பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாமல் தப்பியது. 1959 முதல் இது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது.