புகைக்குழாய்க்கு ஒரு புதிய முனை

நமது சங்கத்துக் குடும்பங்களில் கார் வைத்திருப்போர் இன்று பலர். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறிருக்க, அத்தகைய காரின் வாலில் மாட்டும் குழாய் முனையைப் பற்றி நமது இதழில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். செம்பூரில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டில் நிகழ்ந்த சங்கதி ஒன்றைக் கேட்டால் அவர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அந்த அன்பர். அவருடைய ஒரே மகன் நல்ல வேலையில் அமர்ந்ததும், 2007-ஆம் ஆண்டு மாடல் போர்ஷ் பாக்ஸ்டர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினான். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டே ஆசனங்கள், மடக்கி வைக்கும் கூரை. “இரண்டு பேர் உட்காரும் வண்டியில் அம்மாவை எங்கே உட்கார வைப்பாய்?” என்று தந்தை கேட்டதோடு சரி, அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

இந்தக் காரில் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. சைலன்சர் அதன் பின்னே குறுக்காக இருந்து, பம்பரின் நட்ட நடுவில் வாய் திறக்கிறது. சாதாரண பாக்ஸ்டருக்கு நீள்வட்டமான ஒரே வாய்; அதிக சக்தியுள்ள எஸ் என்னும் வகைக்கு வட்டமான இரண்டு வாய்கள். தன் காருக்கும் இரட்டை வாய் வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. ஆசையில் பிழை ஒன்றுமில்லை. மேலும் மும்பையின் உப்புக் காற்று பட்டுப் பட்டுப் பழைய முனை பொரிந்து போயிருந்தது என்பதும் உண்மையே.

குர்லாப் பக்கத்தில் ஒரு கடையில் ‘நான்கு அங்குல முனை’ என்று சொல்லிப் பளபளப்பான ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் குழாயின்மேல் அது தொளதொளவென்று ஆடிற்று. திரும்பக் கொண்டுபோனதற்கு, கடைப் பையன் ஒரு தகரத் துண்டை வெட்டி இடையில் சுற்றி, கிளாம்பை இறுக்கி, “இனி அசையாது” என்று உறுதி கூறி அனுப்பிவிட்டான். பதினைந்து நாள் அசையவில்லை. பதினாறாம் நாள் மாலை, சயான்-பன்வேல் சாலையில் மேம்பாலத்தின் இறக்கத்தில் அது கழன்று விழுந்து உருண்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதியர் அதைக் கண்டு ஒதுங்க முயன்று சறுக்கி விழுந்தனர். கணவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவிக்கு இறைவன் அருளால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு லாரி மட்டும் நெருங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் நம்மைக் காண வந்த பிள்ளையின் முகத்தில் இரத்தமே இல்லை. “மாமா, தப்பு கடைக்காரன் மேலேயா, என் மேலேயா?” என்று கேட்டான். இருவர் மேலும்தான் என்றோம். பட்டறைத் தொழிலில் நமக்கு ஓரளவு பழக்கம் உண்டாதலால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமே உடனிருந்து வேறு முனை பொருத்துவதாக ஒப்புக்கொண்டோம்.

முதற் பிழை அளவில் நேர்ந்தது. முனைக்கு இரண்டு அளவுகள் உண்டு: வெளியே தெரியும் வாயின் அகலம் ஒன்று, குழாயின்மேல் செருகும் பக்கத்தின் உள்ளகலம் மற்றொன்று. கடைக்காரர் சொல்லும் ‘நான்கு அங்குலம்’ பெரும்பாலும் வாயின் அகலமே. நமக்கு வேண்டியதோ செருகும் பக்கத்தின் அளவு. சைலன்சரிலிருந்து வரும் குழாயின் வெளி அகலத்தை முதலில் அளக்க வேண்டும். வெர்னியர் காலிபர் இல்லாத வீட்டில் ஒரு தையல் நூல் போதும். நூலைக் குழாயின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நீளத்தை அளந்து, 3.14 ஆல் வகுத்தால் அகலம் கிடைத்துவிடும். சுற்றளவு 200 மில்லிமீட்டர் வந்தால் அகலம் ஏறக்குறைய 63.5; அதாவது இரண்டரை அங்குலக் குழாய். முனையின் உள்ளகலம் இதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். அதற்குமேல் இடைவெளி இருந்தால் தகரம் சுற்றி ஒப்பேற்ற வேண்டா. வேறு முனை வாங்குவதே முறை. தகரம் சூட்டிலும் ஆட்டத்திலும் தேய்ந்து நழுவும். கிளாம்ப் இறுகியிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும், ஆனால் பிடிப்பு போயிருக்கும். அன்று பாலத்தில் நேர்ந்தது இதுவே.

அடுத்தது உலோகம். கடையில் மின்னுவதெல்லாம் துருப்பிடிக்காத எஃகு அன்று. சாதாரண இரும்பின்மேல் குரோமியம் பூசிய முனைகள் மலிவாகக் கிடைக்கும். கடலோர நகரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. 304 என்னும் எஃகில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. நம் சமையலறைப் பாத்திரங்களில் நல்லவை இந்த ரகம்தான். 316 என்பதில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். நல்ல 304-இல் காந்தம் ஒட்டாது, அல்லது வளைத்த இடங்களில் இலேசாக இழுக்கும். பச்சக்கென்று ஒட்டினால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதாக நினைப்பது சரியன்று. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1.4 கிலோ நீராவி உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓட்டினால் குழாய் சூடேறுமுன்பே நின்றுவிடுவதால், நீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது. காலையில் முனையிலிருந்து சொட்டும் நீரைக் கண்டு எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டுவதில்லை; முனை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்நீர் வடிந்து போகும்.

முனை மாற்றினால் சக்தி கூடும், ஓசை கம்பீரமாகும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. ஓசையை ஆள்வது சைலன்சரே. முனையால் அதில் பெரிய மாற்றம் எதுவும் வராது. சைலன்சரையே குடைந்து ஓசை கூட்டுவோரும் இருக்கின்றனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒலி வரம்பை மீறி வண்டி ஓட்டுவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், லைசென்ஸ் இழப்பும் விதிக்கிறது. அண்டை வீட்டாரின் சாபம் தனி.

முனைக்கு உண்மையான வேலை ஒன்று உண்டு: புகையைப் பம்பருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது. ஓடும் காரின் பின்புறத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. குட்டையான முனையிலிருந்து வரும் புகை அங்கேயே சுழன்று, கூரை திறந்த காரில் உள்ளேயும் வரக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றிக்கொள்வது அது. ஆகவே முனை பம்பர் விளிம்பைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். மிகவும் நீட்டினாலும் ஆபத்து. கார் நிறுத்துமிடத்தில் விளையாடும் குழந்தையின் காலைச் சுட்டுவிடும்.

ஞாயிறு காலை, கார் இரவெல்லாம் நின்று நன்றாக ஆறியிருந்தது. பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்த பின்னரே அடியில் போனோம். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களின் துணிவு நமக்கு இல்லை. தகரத் துண்டும் பழைய கிளாம்பும் குழாயிலேயே துருவேறிக் கிடந்தன. அவற்றின் நட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லியிருந்தோம். ஸ்பானர் வைத்ததும் முனகிக்கொண்டே கழன்றது. சுத்தியலை எடுக்கப் போன பிள்ளையைத் தடுத்தோம். அடித்தால் குழாய் நெளியும். சைலன்சரைத் தாங்கும் பிடிகளுக்கும் கேடு.

குழாயை எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து, புதிய முனையை ஐந்து சென்டிமீட்டர் உள்ளே செருகினோம். கிளாம்பும் மாற்றப்பட்டது: யு வடிவக் கம்பிக் கிளாம்ப் குழாயை ஓரிடத்தில் கடித்து நசுக்கும், அகலப் பட்டைக் கிளாம்ப் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். திருகில் செம்புத் தூள் கலந்த கிரீஸ் சிறிது தடவினோம். அடுத்த முறை கழற்றுபவர் நம்மை வாழ்த்துவார். வெல்டிங் வைத்துவிடலாமே என்று தந்தை கேட்டார். வைக்கலாம், ஆனால் பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் வைத்தால் காரின் மின்னணுக் கருவிகள் பழுதாகக் கூடும், பின்னர் கழற்றுவதும் கடினம்.

இறுக்குவதற்கு முன் இடைவெளி பார்த்தோம். எஃகுக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 300 டிகிரி சூடு ஏறினால் ஐந்து மில்லிமீட்டர் நீளும். எஞ்சினும் ரப்பர் தாங்கிகளின்மேல் அசையும். பம்பர் பிளாஸ்டிக்குக்கும் முனைக்கும் இடையே சுற்றிலும் ஒரு விரல் நுழைய வேண்டும். இடது பக்கம் விரல் நுழையவில்லை. திருப்பி வைத்து இறுக்கினோம். கைரேகை எண்ணெய் முதற் சூட்டிலேயே கறையாகப் படிந்துவிடுமாதலால், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகே எஞ்சினை இயக்கினோம். இரண்டு கைகளாலும் பற்றி இழுத்துப் பார்த்தார் தந்தை. அசையவில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை கிளாம்பை மீண்டும் இறுக்க வேண்டும் என்று சொல்லி வந்தோம். அடுத்த வாரம் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டான். ஸ்பானர் கால் சுற்றுத் திரும்பியதாம். அந்த மோட்டார் சைக்கிள் தம்பதியரின் வீட்டுக்கும் தந்தையும் தானுமாகப் போய்வந்ததாகச் சொன்னான். முழங்கைக் காயம் ஆறிவிட்டதாம்.