எழுத்தும் ஊதியமும் கேண்மையும்

எழுதிப் பொருளீட்டல் இழிவு என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. புரவலன் புலவனுக்குப் பரிசில் நல்கினால் அதனைப் பாராட்டுவோம். புலவன் தானே ஒரு கட்டுரைக்கு இத்துணைப் பணமெனப் பேசிக்கொள்வானாயின் முகஞ் சுளிப்போம். கூலிக்கு எழுதுவோனுக்கு வாசகர் வாய்க்கலாம், நண்பர் வாய்க்கார் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று எத்துணை உண்மையுடைத்து என்பதனை, அகராதி ஆக்கியோர் என்ற அளவில் நம் மாணவர் பலரும் அறிந்த சாமுவேல் ஜோன்சனது வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வாம்.

ஜோன்சன் 1709 ஆம் ஆண்டில், லிச்ஃபீல்ட் என்னும் ஊரிலே, புத்தக வணிகர் ஒருவருக்கு மகனாகத் தோன்றினார். ஒக்ஸ்போர்ட்டிற் பயிலப் புகுந்து, பொருளின்மையாற் பட்டம் பெறாதே மீண்டார். பின்னர்த் தாமே ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். அங்கு வந்து சேர்ந்த மாணாக்கர் மிகச் சிலரே. (ஆசிரியத் தொழில் பூண்ட நாம் இவ்விடத்தை இரக்கத்தோடன்றிக் கடத்தல் இயலாது.) 1737 இல், அம்மாணாக்கருள் ஒருவராகிய டேவிட் கரிக்குடன் லண்டன் மாநகர் சேர்ந்தார். மாணாக்கர் பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற நடிகரானார். ஆசிரியர் எழுதுகோலையே நம்பினார்.

எட்வேர்ட் கேவ் என்பவர் 1731 இலே தொடங்கிய ‘ஜென்ரில்மன்ஸ் மகசின்’ என்னும் சஞ்சிகை அவருக்குச் சோறளித்தது. பண்டகசாலை என்னும் பொருளுடைய ‘மகசின்’ என்ற சொல், சஞ்சிகைக்குப் பெயராயமைந்தது இதனாலேயாம். நாட்டின் மூலைமுடுக்கெங்குமிருந்து வாசகர் இதற்குப் பாட்டும் கடிதமும் எழுதி விடுத்தனர். ஒருவர் பாட்டுக்கு மற்றொருவர் விடைப்பாட்டு எழுதினர். முகமறியாதார் புனைபெயரால் அறிமுகமாயினர். ‘எலைசா’ என்னும் பெயருடன் அதில் எழுதிய எலிசபெத் கார்ட்டர் என்னும் கல்வியிற் சிறந்த அம்மையார் ஜோன்சனுக்கு நண்பரானதும் இவ்வழியாலேயே. அந்நட்பு 1784 இல் அவர் இறக்கும்வரை நீடித்தது.

ஆயினும் ஊதிய எழுத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. பாராளுமன்ற விவாதங்களை வெளியிடுதல் அக்காலத்தில் தடுக்கப்பட்டிருந்தமையின், கேவ் அவற்றை லில்லிப்புட் என்னும் கற்பனை நாட்டு விவாதங்களாக அச்சிட்டார். ஜோன்சன் சிற்சில குறிப்புக்களை மாத்திரம் கொண்டு உறுப்பினரின் பேச்சுக்களைத் தாமே புனைந்தார். வாசகர் அவற்றை மெய்ப்பேச்சுக்களெனவே நம்புகின்றனர் என்று அறிந்தவுடன் அவ்வேலையைக் கைவிட்டார். இறுதிக் காலத்திலும் அதனை எண்ணி வருந்தினார். பணம் கொடுத்தோர் கேட்டதை எழுதினோம் என்பது அவர் மனத்துக்கு அமைதி தரவில்லை. இன்று ஊதியத்துக்கு எழுதும் நம் இளைஞர் சிறப்பாகக் கருதவேண்டிய இடம் இதுவேயென்பது நம் துணிபு.

1746 இல் அகராதிப் பணியை 1,500 கினிக்கு ஒப்புக்கொண்டார். அப்பணமும் உதவியாளர் ஆறு பேருக்குக் கூலியாகவும் பிற செலவுகளாகவும் கரைந்தது. அன்றியும் அகராதித் தொழில் தனிமை மிகுந்தது. ஆதலின் 1749 இல் ஐவி லேன் என்னும் தெருவிலுள்ள உணவுச்சாலை ஒன்றில் வாரந்தோறும் கூடும் சிறு கழகமொன்றை அமைத்தார். வைத்தியர், வணிகர், புத்தக வெளியீட்டாளர் எனப் பலதிறத்தாரும் அதில் இருந்தனர். அவருள் ஒருவரான ஜோன் பெயின் என்பாரே ஜோன்சனின் ‘ராம்ப்ளர்’ என்னும் தாளை வெளியிட்டவர்களுள் ஒருவர். எனவே கேண்மை ஊதியத்தையும், ஊதியம் கேண்மையையும் ஈன்றன எனல் தகும்.

‘ராம்ப்ளர்’ 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை, செவ்வாய்தோறும் சனிதோறும் தவறாது வெளிவந்தது. மொத்தம் 208 இதழ்கள். இதழொன்றின் விலை இரண்டு பென்ஸ். ஆசிரியருக்குக் கட்டுரையொன்றுக்கு இரண்டு கினி. சோம்பல் மிக்கவரெனத் தம்மைத் தாமே நொந்துகொண்ட ஜோன்சனை, வாரத்துக்கு இருமுறை மேசைமுன் இருத்தியது அவ்விரண்டு கினியே போலும். விற்பனை 500 பிரதியை எட்டவில்லை. எனினும் மாகாணப் பத்திரிகைகள் அக்கட்டுரைகளை எடுத்து மறுபதிப்புச் செய்தமையால் அவை தொலைவூர்களிலும் வாசிக்கப்பட்டன. நண்பர் சிலரும் எழுதி உதவினர். 30 ஆம் இதழைக் கதரின் டல்பட்டும், 44, 100 ஆம் இதழ்களைக் கார்ட்டர் அம்மையாரும், 97 ஆம் இதழை நாவலாசிரியரும் அச்சகத் தலைவருமாகிய சாமுவேல் றிச்சர்ட்சனும் எழுதினர்.

அகராதி 1755 இல் வெளிவந்தது; புகழும் வந்தது; பணம் வரவில்லை. 1756 மார்ச்சில், 5 பவுண் 18 சிலிங் கடனுக்காக ஜோன்சன் கைதுசெய்யப்பட்டார். அவர் றிச்சர்ட்சனுக்குச் சிறு கடிதமொன்று விடுத்தார். றிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி, அனுப்பிய தொகையை அக்கடிதத்திலேயே குறித்துவைத்தார். கினியொன்று 21 சிலிங் ஆதலின், கடன் தீர்ந்தபின்பும் எட்டுச் சிலிங் எஞ்சியிருக்கும்.