கம்ப்ரஸ்–டோல்டெக் ரயில் பாதையின் பால எண்கள்

கொலராடோ, நியூ மெக்ஸிகோ எல்லையோரமாய் 1880இல் டென்வர்–ரியோ கிராண்டு ரயில்வே கம்பெனியார் நிர்மாணித்த இம்மலைப் பாதையில், ஹேங்மன்ஸ் பாலத்துக்கு 285.87 என்றும், 137 அடி உயரமுள்ள காஸ்கேட் பாலத்துக்கு 319.95 என்றும் எண் வழங்குவதைக் காணும் யாத்ரீகர், இத்தனை பாலங்களா என்று பிரமிப்பது சகஜமே. ஆயினும் அவை வரிசைக் கணக்கல்ல, டென்வர் நகரிலிருந்து தண்டவாள வழியே அளந்த மைல் தூரங்களாம்.

தசம ஸ்தானம் இரண்டிருப்பதால், ஸ்தலத்தை ஏறத்தாழ 53 அடிக்குள் நிர்ணயிக்கலாம். நடுவே புதுப்பாலம் ஒன்று எழுந்தாலும், பழையதொன்று அகற்றப்பட்டாலும், ஏனையவற்றின் எண்ணைத் திருத்தும் பிரயாசை இல்லை.

பழைய தஸ்தாவேஜுகளில் பெயரின்றி எண் மட்டுமே காணும் ஆராய்ச்சியாளருக்கு, மைல்கல் குறித்த வரைபடமொன்று போதும். 1970இல் இவ்விரு மாகாணங்களும் வாங்கிய 64 மைல் பாதை இன்று ஆன்டோனிட்டோவில் தொடங்கினும், அதன் எண்கள் டென்வரையே ஆதியாகக் கொண்டுள்ளன.